எண்ணாமல் விட்ட இரண்டு மூட்டை

நான் விமான வேலைக்கு வந்தது புளி வழியாக.

சுமைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் படித்து, பரீட்சை எழுதி வந்தவர்கள். நான் அரூர் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் முழுக்கப் புளி, ராகி, எள், நிலக்கடலை. உங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்றார். அனுபவம் என்று அவர் நினைப்பது நான் சரியாகச் செய்த காரியங்களை. அவை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் தப்பாகச் செய்த ஒன்றை எழுதுகிறேன்.

உலகப் போர் முடிந்த சமயம். அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. ஒரு பக்கம் சித்தேரி மலை, ஒரு கடைசியில் ஏரிக்கரை. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து அதை எடுத்துக்கொண்டு, தகரக் கொட்டகை போட்டது. புதிதாக ஒரு பயணிகள் விமானம் செய்யப் போகிறார்கள் என்றார்கள். எஞ்சினும் இறக்கையும் போரில் ஓடிக் களைத்த விமானங்களுடையவை, ஏலத்தில் வந்தவை. உடம்பும் வாலும் புதுசு, எங்களுடையது. பதினான்கு இருக்கை.

விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதிக்கும்போது மனிதர்களை ஏற்ற மாட்டார்கள். மனிதர்களுக்குப் பதில் மணல் மூட்டையை ஏற்றுவார்கள். மூட்டையைச் சரியாக எடை போட ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் மண்டிக்கு வந்தார். மூன்று மூட்டைகளை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடை சொன்னேன். கம்பெனித் தராசில் போட்டுப் பார்த்ததில் மூன்றிலும் இரண்டு ராத்தல், உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு கிலோ, வித்தியாசம் வந்தது. தராசைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். தராசில்தான் கோளாறு இருந்தது. அன்றைக்கே வேலை கிடைத்தது. இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. என் எடையை எல்லாரும் எவ்வளவு நம்பினார்கள் என்பது பின்னால் தேவைப்படும்.

அந்த விமானத்துக்குக் கணக்குப் போட்டவர் ஒரு இன்ஜினியர். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். கப்பலேறிப் போய்ப் படித்துவிட்டு வந்தும் எங்கள் பேச்சு மாறாதவர். பெருக்குகிற ஆளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, நான்கு கட்டம் போட்டு வைத்திருந்தார். வேலை, தேதி, தாமதம், காரணம். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் எத்தனை நாள் தள்ளிப் போனது, ஏன். இப்போது உங்கள் அலுவலகங்களில் வண்ண வண்ணமாக மாட்டியிருக்கிறீர்களே, அதுதான். எங்களுடையதில் ஒரே வண்ணம், மற்றது அழுக்கு.

தைப் பொங்கலுக்குள் பறக்கும் என்று முதலில் எழுதியிருந்தது. பொங்கல் வந்தது. சித்திரை என்று அடித்து எழுதினார்கள். பிறகு ஆடி. அடிக்க இடம் இல்லாமல் மேலே வேறு தாள் ஒட்டினார்கள். சுற்று வட்டாரத்தில் இது பேச்சாகிவிட்டது. வேலி கட்டித் தருகிறேன் என்று சொல்லிக் கட்டாதவனைப் பார்த்து, "ஏரோப்ளேன் பறக்கற அன்னிக்குக் கட்டிக் குடுப்பாருங்க" என்பார்கள்.

அந்தத் தாளில் இன்ஜினியர் கவனித்தது தேதியை இல்லை, காரணத்தைத்தான். ஒரு தடவை சுக்கானுக்குப் போர்த்தியிருந்த துணியை ஆடு தின்றுவிட்டது. புதுத்துணி வந்து, போர்த்தி, பசை காய்வதற்குப் பதினெட்டு நாள். மேனேஜர் காரணக் கட்டத்தில் 'ஆடு' என்று எழுதிவிட்டுப் போனார். இன்ஜினியர் வந்து பார்த்தார். பென்சிலை எடுத்து 'ஆடு' என்பதை அடித்தார். 'கொட்டகைக் கதவைத் தாழிடவில்லை' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டார். முந்தின நாள் கடைசியாக வெளியே போனவர் அவர்தான்.

"ஆடுங்கறது தின்னத்தான் செய்யும். அது காரணமாகாதுங்க," என்றார்.

அந்தக் கட்டத்தில் எத்தனையோ இருந்தன. ரிவெட் வரவில்லை. மழை. வரைபடப் பிழை, அதிலும் அவர் பெயர். ஒன்றிலும் பூசி மெழுகியது கிடையாது.

இனி மூட்டைக்கு வருகிறேன்.

ஒரு பயணிக்கும் அவர் சாமானுக்கும் சேர்த்து இருநூறு ராத்தல் என்று வைத்துக்கொண்டோம். நூறு ராத்தல் மூட்டை இரண்டு. பதினான்கு இருக்கைக்கு இருபத்தெட்டு மூட்டை. சாமான் அறைக்கு ஆறு. ஆக முப்பத்துநான்கு. வாணியாற்று மணலைக் காயவைத்துச் சலித்து, நானே எடை போட்டுத் தைத்தேன். இருக்கையில் வைத்து இடுப்பு வாரும் கட்டினோம். கனம் எவ்வளவு என்பது போலவே, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உங்களுக்குப் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே போய்விடும், வண்டி குடை சாயும். விமானத்தில் மாடு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரி மாதையன். ஏரியூர்ப் பக்கத்துக்காரர். மண்டியில் என்னோடு இருந்தவர், நான்தான் கூட்டி வந்தேன். அவரோடு எட்டுப் பேர்.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. முழுச் சரக்கும் ஏறி முடிந்ததும் கடைசியில் கொசுறு மூட்டை ஏறும். அதை எண்ணக் கூடாது, எடை போடக் கூடாது, வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எடைக்காரன் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். கொசுறை எண்ணினால் மழையும் எண்ணித்தான் பெய்யும் என்பார்கள். கொசுறு வைக்காமல் சரக்கை அனுப்பினால் அனுப்பியவன் கை சுருங்கியவன் என்று பெயர். நான் மண்டியில் இருந்த வருஷங்களில் எத்தனை கொசுறு மூட்டை என் முன்னால் போயிருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என் வேலையாக இருந்தது.

முதல் சோதனைகளில் பத்து மூட்டை, இருபது மூட்டை என்று அரைகுறையாக ஏற்றினோம். அப்போதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. அரைச் சரக்குக்குக் கொசுறு கிடையாதே.

முழுச் சுமையோடு பறக்கிற நாள் வந்தது. சர்க்கார் இன்ஸ்பெக்டர் மெட்ராஸிலிருந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தேறினால் பயணிகளை ஏற்ற அனுமதி. ஓட்டுகிறவரை நாங்கள் கேப்டன் என்போம். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். எது முடிந்தாலும் "ஆய்த்து" என்று ஒரு சொல் சொல்வார். அவரும் ஒரு மெக்கானிக்கும்தான் உள்ளே போகிற மனிதர்கள்.

மூட்டைகள் ஏறி முடிந்ததும் நான் உள்ளே போய் எண்ணினேன். இருக்கை இருக்கையாகத் தொட்டு எண்ணினேன். முப்பத்துநான்கு. வாலுக்குப் போகிற கடைசியில், பயணிகளுக்கான கழிப்பறை. கதவைத் திறந்தேன். உள்ளே இரண்டு மூட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கதவைச் சாத்தினேன். வெளியே வந்து சுமைத் தாளில் முப்பத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் திரும்பப் படிக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நான் பார்த்தேன். கண் பார்த்தது, கொசுறு என்று தெரிந்துகொண்டது, விட்டுவிட்டது. பதினைந்து வருஷம் பழகின கண். மறைத்து வைத்திருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேன்.

விமானம் ஓட ஆரம்பித்தது. அந்தக் காலத்து விமானங்களுக்கு வாலுக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஓட ஓட முதலில் வால் தரையைவிட்டு எழும்ப வேண்டும், பிறகுதான் முழு விமானமும் எழும்பும். பாதித் தூரம் போயும் வால் எழும்பவில்லை. முக்கால் தூரத்திலும் எழும்பவில்லை. ஏரிக்கரை நெருங்கியபோது எனக்குக் கழிப்பறைக் கதவு ஞாபகம் வந்தது. கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தியிருந்தாலும் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பியது. மூக்கு வானத்தைப் பார்க்க, பின்பாரம் ஏறின வண்டி மாதிரியே எழும்பியது. கரையில் நின்ற வேலிகாத்தான் செடியின் தலை சக்கரத்தில் சிக்கிக்கொண்டு போனது. மலைப்பக்கம் போய், ஒரு பெரிய வட்டம் அடித்து, இறங்கியது. கேப்டன் இரண்டு கையாலும் ஒரு முழங்காலாலும் பிடிகோலை முன்னால் தள்ளிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். இறங்கி வந்து மூன்று டம்ளர் காப்பி குடித்தார்.

"வால் கனம்," என்றார். "காத்து எதுத்து அடிக்கலேன்னா இன்னொரு பர்லாங் ஓடியிருக்கணும், நாங்க ஏரிலதான். ஆய்த்து."

அதற்குள் மாதையன் ஆட்கள் மூட்டைகளை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். விமானத்தின் வாசலும் வால் பக்கம்தான்; அதனால் கொசுறு இரண்டும் முதலில் இறங்கி, கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டன. இன்ஸ்பெக்டர் உள்ளே போய் எண்ணினார். முப்பத்துநான்கு. வெளியே வந்து என்னைப் பார்த்து, "சுமைத் தாள் சரிதானே?" என்றார்.

"சரிங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எண்ணிக்கை தப்பின எடைக்காரனுக்கு எந்த மண்டியிலும் இடம் கிடையாது. மாதையனும் எட்டுப் பேரும் அன்றைக்கே வெளியே போவார்கள், கூட்டி வந்தவன் நான். எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லாம் பின்னால் யோசித்தவை. அந்த நிமிஷத்தில் பயந்தேன், அதுதான் விஷயம்.

மறுநாள் இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. மூட்டையெல்லாம் ஒருக்கா திருப்பி எடை போட்டுப் பாத்தரலாமுங்களா?"

முப்பத்துநான்கையும் அவர் முன்னால் எடை போட்டேன். எதிலும் அரை ராத்தல்கூட வித்தியாசம் இல்லை. அவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். முடிந்ததும் என் தோளில் கை வைத்தார்.

"உங்க எடையில ஒரு குறையும் இல்லீங்க. தப்பு என் கணக்குலதான் இருக்குது. தேடறேன்."

தேடினார். மேசைத் தாள் தீர்ந்து கொட்டகைத் தகரத்தில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். ஒரே கணக்கைத் தலையிலிருந்து, காலிலிருந்து, நடுவிலிருந்து போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வால் சரியாகவே வந்தது. சரியாக வரவர அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். தைக்க வேண்டிய சாக்கு ஒன்றும் இல்லை. தைத்ததைப் பிரித்துத் தைத்தேன்.

ஒன்பதாம் நாள் பெங்களூரிலிருந்து முதலாளிகள் வந்தார்கள். கணக்குப் பிழை என்று அவர்கள் சொன்னார்கள். பிழை எங்கே என்று அவர் கேட்டார். அது எங்களுக்கு எப்படித் தெரியும், விமானம் சொல்லிவிட்டதே என்றார்கள். வெள்ளைத் தாளில், வால் வடிவக் கணக்கில் பிழை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸுக்கு நடந்தார். போவதற்கு முன் சுவர்த் தாளில் கடைசி வரியை எழுதினார். வேலை: முழுச் சுமைச் சோதனை. காரணம்: 'என் கணக்கு. எங்கே என்று தெரியவில்லை.' தாமதக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் புது இன்ஜினியர் வந்து வாலில் சாக்கட்டியால் கோடு போட்டார். அந்தக் கோட்டில் அறுத்து, வாலை நீட்ட வேண்டும். ஆறு மாத வேலை. ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதையன் வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"வாலை எதுக்குங்க அறுக்கறாங்க?"

"பின்பாரம்னு சொல்றாங்க."

"ரெண்டு மூட்டை கொசுறுக்கா இத்தனை பாடு? வண்டியா இருந்திருந்தா ஏத்தறப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. இது நமக்குப் புதுசு." பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார். "நீங்க கதவத் தொறந்து பாத்தீங்க. ஒண்ணும் சொல்லலீங்க. அதனால சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டனுங்க."

நான் எழுந்து கேப்டனிடம் போனேன். மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் ஏரிக்குள் போக இருந்தவர் கேப்டன். நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். அவர் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு அதையே அவிழ்த்து இன்னொரு தடவை போட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"ரம்பத்த நிறுத்தச் சொல்லு," என்றார். "நாளைக்கு அதே முப்பத்திநாலு. கொசுறு இல்லாம. கடைசி சீட்ல நீ உக்காரு."

"நான் நூத்தி நாலு ராத்தலுங்க."

"அப்ப ஒரு மூட்டைய எறக்கிடு. நாலு ராத்தல நான் மன்னிச்சர்றேன்."

மேனேஜர் என் சுமைத் தாளைப் பத்து நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்குது," என்றார். என்னையும் மாதையனையும் வெளியே அனுப்பத்தான் இருந்தார். கேப்டன் விடவில்லை. எண்ணாமல் விட்டு ஒரு தடவை மாட்டிக்கொண்டவன் இனிமேல் ஆயுசுக்கும் எண்ணுவான், புது ஆள் வந்தால் அவன் முதல் தப்பையும் தானே தாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் கழிப்பறைக் கதவை நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டு, ஒரு மூட்டையைக் காலடியில் வைத்து, இன்னொன்றுக்குப் பதிலாக நானே உட்கார்ந்து வார் கட்டிக்கொண்டேன். பாதித் தூரத்திலேயே வால் மெதுவாக, மாடு எழுந்திருக்கிற மாதிரி எழுந்தது. அதற்கப்புறம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சித்தேரி மலையை மேலேயிருந்து பார்த்த முதல் ஆள் எங்கள் பக்கத்தில் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்திருந்தால்.

மேனேஜர், இன்ஜினியரைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார். தபாலில் போட வேண்டாம், நான் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சுவரிலிருந்த தாளையும் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரித்தெடுத்தேன். ஒட்டி ஒட்டி அப்பளக் கட்டு கனத்துக்கு இருந்தது. சுருட்டி வேட்டித் துண்டில் கட்டி, பஸ் ஏறினேன்.

இன்ஜினியர் தன் அண்ணன் தோட்டத்தில், கிணற்று ஆயில் எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தார். மோட்டார் கொட்டகைச் சுவரில் சின்னதாக ஒரு தாள். நான்கு கட்டம். வேலை: எஞ்சின் ஓடுவது. காரணம்: 'வால்வு. அண்ணன் மண்ணெண்ணெய் ஊற்றினார்.'

"வாங்க, உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?" என்றார்.

மோர் குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. முதலில் சொல்லிவிட்டேன். கொசுறு, கழிப்பறை, நான் கதவைத் திறந்தது, சாத்தியது, இன்ஸ்பெக்டரிடம் சரிங்க என்றது, அவர் முன்னால் முப்பத்துநான்கையும் எடை போட்டுக் காட்டியது. எதையும் விடவில்லை. அவர் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"கழிப்பறையில எந்தச் சுவரை ஒட்டி இருந்துச்சுங்க? பின் சுவரா?"

"பின் சுவருங்க."

துண்டு பென்சிலை எடுத்தார். எஞ்சின் மூடியின் மேல் ஒரு கணக்குப் போட்டார். நீளமில்லை, ஆறு வரி. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் அழுதார். சத்தமில்லாமல், கண்ணில் தூசி விழுந்த மாதிரி, பென்சிலைப் பிடித்த கையின் மணிக்கட்டால் துடைத்துக்கொண்டார்.

"வேலை போனது எனக்குப் பெருசில்லீங்க. தேடித்தேடிப் பாத்தும் தப்பு கெடைக்கல. அப்ப எனக்குக் கணக்கே தெரியலையோன்னு ஆயிடுச்சு. நேத்து இந்த வால்வுக்கு ரெண்டும் மூணும் அஞ்சான்னு விரல் விட்டு எண்ணிப் பாத்தனுங்க."

நான் அவருக்கு என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இரண்டு மூட்டையால் விமானம் விழ இருந்தது, அது விழவில்லை. மனுஷன் விழுந்திருந்தார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் திரும்பி வந்தார். அதே வால், அறுக்காத வால், அனுமதி பெற்றது. அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு நன்றாகவே பறந்தது. வேலி கட்டாதவர்களுக்கு வேறு சாக்குத் தேட வேண்டியதாகிவிட்டது. மாதையன் கடைசிவரை என்னோடுதான் இருந்தார்; முப்பத்துநான்கு என்று நான் எழுதினால், முப்பத்துநான்குதானா என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். ஆனால் இன்ஜினியர் அதற்கு முன்பெல்லாம் ஒரு கணக்கை ஒரு தடவைதான் போடுவார். திரும்பி வந்த பிறகு எதையும் மூன்று தடவை போட்டார். நல்ல பழக்கம் என்று புது ஆட்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அவர் பென்சில் இரண்டாம் தடவை மேலே போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

உங்கள் காலத்தில் மணல் மூட்டை இல்லை, கழிப்பறையில் யாரும் கொசுறு வைப்பதில்லை. ஆனால் சிப்பந்தி ஊருக்குக் கொண்டுபோகிற மாம்பழக் கூடை வால் பக்கத்தில் இருக்கும். பெரிய மனிதர் ஒருவரின் பெட்டி எடை போடாமலே ஏறியிருக்கும். உங்கள் கண் பார்க்கும். இதெல்லாம் எப்போதும் இருப்பதுதானே என்று தாண்டிப் போகும். பார்த்ததை எழுதுங்கள். எழுதாமல் விட்டால், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அன்றைக்கே என்றுதான் சொல்கிறேன்.

மோட்டார் கொட்டகையில் நடந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நான் கொண்டுபோன தாளைப் பிரித்தேன். அவர் அதை எஞ்சின் மூடியின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் ஸ்பேனரை வைத்தார். கடைசி வரியில் 'என் கணக்கு. எங்கே என்று தெரியவில்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க."

காரணக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கொசுறு என்றோ மாதையன் என்றோ எழுதவில்லை. ஆடு தின்னத்தான் செய்யும். காலியாக இருந்த தாமதக் கட்டத்தில், பறந்த நாளையும் சேர்த்து, நான் வாய் திறந்த நாள் வரைக்கும் எண்ணி, பன்னிரண்டு நாள் என்று எழுதினேன்.

அவர் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, பன்னிரண்டை அடித்துப் பதினொன்று என்று திருத்தினார்.

"மொத நாளு கொசுறுங்க," என்றார். "அத எண்ணக் கூடாது."